கரப்புக்கு மூன்று வருட கான்ட்ராக்ட்: கையெழுத்துப் போடலாமா?

செம்பூர்_மருமகள் | மே 23, இரவு 10:40

மும்பைத் தமிழர்களுக்கு வணக்கம். எங்கள் சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்கு அடியில் ஒரு காகிதம் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால் சலுகையாம், திங்கட்கிழமை விலை ஏறிவிடுமாம். அதற்குள் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

செம்பூரில் எண்பதுகளில் கட்டிய நான்கு மாடி சொசைட்டி (அடுக்குமாடிக் குடியிருப்பு), நாங்கள் மூன்றாவது மாடி. போன தீபாவளி முடிந்ததும் வீட்டை வாங்கிக் குடிவந்தோம். சமையலறையில் கரப்பு. பறக்கிற பெரிய ஜாதி இல்லை, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், வெளிர் பழுப்பு. ராத்திரி தண்ணீர் குடிக்கப் போய் விளக்கைப் போட்டால் மேடை முழுக்கச் சிதறி ஓடுகின்றன. போன வாரம் சட்னி அரைக்க மிக்ஸியைத் தூக்கினேன், அடியில் இருக்கும் காற்றுத் துளை வழியாக நாலு குஞ்சு இறங்கி வந்தன. அன்றைக்குத் தோசைக்கு மிளகாய்ப்பொடிதான்.

ஒரு கம்பெனியிலிருந்து இலவசப் பரிசோதனை என்று ஒருவர் வந்தார். ஃப்ரிட்ஜ் பின்னால், சிங்க் அடியில் எல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தார். பெட்ரூம் வார்ட்ரோபின் ஓரத்தில் பென்சில் பருமனுக்கு ஒரு மண்கோடு ஏறியிருந்தது. "மேடம், தீமக்!" என்று அவர் சொன்ன தொனியில் என் மாமியார் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். கறையானாம்.

மூன்று வருடத்துக்கு எல்லாம் அடங்கிய கான்ட்ராக்ட், வருடத்துக்கு மூன்று முறை வருவார்கள், 14,500 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 17,110. முழுப் பணமும் முன்னாலேயே. ஒரே ஒரு தடவை மட்டும் என்றால் 1,900. கணவர் "போட்டுத் தொலை, தலைவலி விட்டது" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மாமியாருக்கு வீசிங் உண்டு, பையனுக்கு 11 மாதம், தவழ்கிறான். என்ன செய்யலாம்?

மாத்துங்கா_மாமி | மே 23, இரவு 11:15

போடாதே அம்மா. பதினேழாயிரத்துக்குக் கரப்பா? போரிக் பவுடர், கோதுமை மாவு, சர்க்கரை, கொஞ்சம் பால் விட்டுப் பிசைந்து சீடை மாதிரி உருட்டி மூலைக்கு ஒன்று போடு. நாற்பது வருடமாக எங்கள் வீட்டில் அதுதான். அடுப்பைத் தூக்கி அடியில் துடைத்தாயா? முதலில் அதைச் செய்.

டோம்பிவிலி_தம்பி | மே 24, காலை 7:50

நான் எதிர்க்கட்சி. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், 6:47 லோக்கலைப் பிடித்தால் இரவு எட்டரைக்குத்தான் வீடு. உருண்டை பிடிக்க நேரம் இல்லை. வருட கான்ட்ராக்ட் எடுத்து இரண்டு வருடமாகிறது. அவர்களே போன் செய்து வருகிறார்கள், அடித்துவிட்டுப் போகிறார்கள். நிம்மதி. பணத்தை மட்டும் பார்க்காதீர்கள் அக்கா.

ஐந்தாம்மாடி | மே 24, காலை 8:30

தம்பி, ஒரு கேள்வி. இப்போது உங்கள் வீட்டில் கரப்பு இருக்கிறதா, இல்லையா?

டோம்பிவிலி_தம்பி | மே 24, காலை 9:05

இருக்கிறது. ஆனால் குறைவு. அவர்கள் வந்து போனபின் ஒரு மாதம் சுத்தமாக இருக்கும், அப்புறம் மெதுவாக வரும், அதற்குள் அடுத்த தடவை வந்துவிடுவார்கள்.

(எழுதிப் பார்த்தால் எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கிறது.)

பூச்சிக்காரன் | மே 24, பகல் 1:20

இந்தத் தொழிலில் பதினோரு வருடம் இருக்கிறேன், இப்போது விராரில் இருந்து வேலைக்குப் போய் வருகிறேன். சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன், நீளமாகப் போனால் மன்னிக்கவும்.

அக்கா, முதலில் பூச்சி எது என்று பாருங்கள். ஒன்றைப் பிடித்துக் கழுத்துப் பக்கம் பாருங்கள். தலைக்குப் பின்னால் கேடயம் மாதிரி ஒரு தகடு இருக்கும். அதில் நீளவாக்கில் இரண்டு கறுப்புக் கோடு இருந்தால் ஜெர்மன் கரப்பு. பெயர்தான் ஜெர்மன், வாழ்வதெல்லாம் நம் சமையலறையில். சாக்கடைச் சேம்பரில் இருந்து ஏறிவரும் பெரிய சிவப்புக் கரப்பு வேறு. அதற்குச் சாக்கடை வாயின் ஜாலியை (வலைத்தட்டை) அடைத்து, சேம்பரில் மருந்து விட்டால் பெரும்பாலும் தீர்ந்தது. ஜெர்மன் அப்படி இல்லை. அது உங்கள் வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்கிறது.

பெண் கரப்பு முட்டைப் பையை வால் பக்கம் ஒட்டவைத்துக்கொண்டே திரியும். ஒரு பையில் முப்பது, நாற்பது முட்டை. பொரிகிற நேரம் நெருங்கும்போதுதான் அதைக் கழற்றிப் போடும். நம்ம ஊர் வெப்பத்தில் அந்தக் குஞ்சு பெரிதாகித் தானே முட்டையிட ஏறக்குறைய இரண்டு மாதம் போதும். இப்போது கான்ட்ராக்டைப் பாருங்கள். வருடத்துக்கு மூன்று முறை என்றால் நான்கு மாதத்துக்கு ஒரு முறை. ஒரு வருகைக்கும் அடுத்த வருகைக்கும் நடுவில் கரப்பு இரண்டு தலைமுறை பார்த்துவிடும். தம்பி சொன்ன "ஒரு மாதம் சுத்தம், அப்புறம் மெதுவாக" இதுதான்.

இதற்கு வேலை ஜெல். ஃபிப்ரோனில் 0.05 சதவீதம் அல்லது இமிடாகுளோபிரிட் 2.15 சதவீதம் உள்ள ஜெல் ஊசிக்குழாய் மாதிரி வரும். துவரம்பருப்பில் பாதி அளவுக்குப் பொட்டு வைக்க வேண்டும். பெரிய பொட்டாக நாலு வைப்பதைவிடச் சின்னதாக நாற்பது வைப்பது நல்லது. டிராலி (மேடைக்கு அடியில் இழுக்கும் தட்டு) கீல், சிங்க் விளிம்பின் அடிப்பக்கம், ஃப்ரிட்ஜ் கம்ப்ரெஸர் பக்கம், ஸ்விட்ச் போர்டு ஓரம், கதவு நிலையின் வெடிப்பு. சூடும் ஈரமும் இருட்டும் சேர்கிற இடம்தான் அவற்றுக்குக் கல்யாண மண்டபம். தின்ற கரப்பு கூட்டுக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்று மற்றவையும் சாகும். முட்டைக்குள் இருப்பதை ஜெல் தொடாது, அதனால் 15 முதல் 20 நாளுக்குள் இரண்டாவது சுற்று கட்டாயம்.

ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடிக்காதீர்கள், பினாயில் ஊற்றாதீர்கள், மருந்துச் சாக்பீஸால் கோடு போடாதீர்கள். நாற்றம் பட்டால் கரப்பு அந்தப் பக்கமே வராது. பாதி வீடுகளில் ஜெல் வேலை செய்யவில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

மாமி, கோபித்துக்கொள்ளாதீர்கள். போரிக் வேலை செய்யும், ஆனால் அது சீடை மாதிரி இருப்பதுதான் பிரச்சினை. தவழ்கிற குழந்தை வீட்டில் தரையில் போடவே கூடாது.

கறையான் தனிக் கதை. அதைக் கரப்போடு ஒரே காகிதத்தில் கட்டிக் கொடுத்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அக்கா, ஒரு வேலை செய்யுங்கள். அந்த மண்கோட்டின் நடுவில் ஒரு விரல் நீளத்துக்கு உடைத்துவிட்டு, மேலும் கீழும் அப்படியே விடுங்கள். இரண்டு மூன்று நாள் கழித்து என்ன ஆகிறது என்று எழுதுங்கள். வார்ட்ரோபுக்குப் பின்சுவரில் என்ன இருக்கிறது, பாத்ரூமா?

மாத்துங்கா_மாமி | மே 24, பகல் 2:00

கோபமெல்லாம் இல்லை. என் பேத்தி வரும்போது நானும் எடுத்து வைத்துவிடுவேன்.

டோம்பிவிலி_தம்பி | மே 24, மாலை 6:10

பூச்சிக்காரன் அண்ணா சொல்வது சரி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் தனியாக வேலை எடுத்துச் செய்கிறவர் கான்ட்ராக்ட் வேண்டாம் என்றுதானே சொல்வார்?

பூச்சிக்காரன் | மே 24, இரவு 9:30

நியாயமான கேள்வி. நான் மாதச் சம்பளக்காரன். எங்கள் கம்பெனியும் இதே மூன்று வருடக் காகிதத்தைத்தான் விற்கிறது. பரிசோதனைக்கு வருகிறவர் விற்பனை ஆள், அவருக்குக் கமிஷன் கான்ட்ராக்டில்தான். மருந்து அடிக்க வருகிறவன் நான், எனக்கு ஒரு நாளைக்கு எட்டு வீடு. எட்டு மணி நேரத்தை எட்டு வீட்டால் வகுத்து, ரயில் நேரத்தைக் கழித்துப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு எத்தனை பொட்டு வைக்க முடியும்? ஸ்பிரே அடித்தால் பத்து நிமிடம். அதனால்தான் எல்லாரும் ஸ்பிரே.

கான்ட்ராக்டே தப்பு என்று நான் சொல்லவில்லை. தரைத்தள வீடு, பக்கத்தில் ஓட்டல், கீழே கடை, அப்படி என்றால் வருடம் முழுக்க யாராவது பார்த்துக்கொண்டிருப்பது நல்லது.

வக்கீல்_வீட்டுக்காரர் | மே 25, காலை 10:15

வக்கீல் என் மனைவி. நான் காபி போட்டுக் கொடுத்து வாங்கிய ஆலோசனை இது.

காகிதத்தின் முன்பக்கத்தை விடுங்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். "பொதுப் பூச்சிகள்" என்றால் எவை என்று எங்கே எழுதியிருக்கிறது? பெரும்பாலும் கரப்பு, எறும்பு, சில்வர்ஃபிஷ் இவற்றோடு நின்றுவிடும். மூட்டைப்பூச்சி, எலி, கறையான் வெளியே. விற்பனைக்காரர் வாயால் "எல்லாம் அடங்கும்" என்று சொன்னது காகிதத்தில் இல்லாவிட்டால் சொன்னதாகவே கணக்கு இல்லை. நடுவில் பூச்சி வந்தால் கூப்பிடலாமா, எத்தனை முறை, எத்தனை நாளுக்குள் வருவார்கள்? வீடு மாறினாலோ விற்றாலோ மீதிப் பணம் திரும்புமா, அல்லது புது வீட்டுக்காரருக்கு மாறுமா? கறையானுக்கு உத்தரவாதம் என்றால் மறுபடி மருந்து அடிப்பது மட்டும்தானா, அரித்த மரத்துக்கு ஏதாவது உண்டா? (இல்லை. எந்தக் காகிதத்திலும் நான் பார்த்ததில்லை.) தானாகப் புதுப்பிக்கப்படும் என்று ஒரு வரி இருந்தால் அதைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் இரண்டு தரப்பும் சுருக்கொப்பம் போடுங்கள்.

என் தங்கைக்கு இது நடந்தது. முதல் வருடம் ஒழுங்காக வந்தார்கள், இரண்டாவது வருடம் போனை எடுக்க ஆள் இல்லை, மூன்றாவது வருடம் அந்த அலுவலகமே காலி. கம்பெனி பெயரைச் சொல்ல விரும்பவில்லை, சொல்லியும் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிற சலுகையா? அவளுக்கும் அதே சலுகைதான், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பணம் போய்விட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் சமரசம் ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஆனால் 17,110 ரூபாய்க்காக யார் நடையாய் நடப்பது? முன்பணத்தைக் குறைத்துக்கொள்வதுதான் சுலபமான வழக்கு என்கிறாள் என் மனைவி.

ஐந்தாம்மாடி | மே 25, காலை 11:40

லைசென்ஸ் என்று ஒன்று உண்டா? எங்கள் வீட்டுக்கு வந்தவர் தண்ணீர் பாட்டிலில் எதையோ கலந்து கொண்டுவந்தார். கேட்டால் "ஹெர்பல்".

பூச்சிக்காரன் | மே 25, இரவு 9:10

உண்டு. பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968, அதன் விதிகள் 1971. காசு வாங்கிக்கொண்டு வீட்டில் மருந்து அடிக்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும், மாநில அரசு தருகிறது. உரிமம் உள்ள இடத்தில் பயிற்சி பெற்ற ஒருவராவது பொறுப்பில் இருக்க வேண்டும். மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம்), ஐதராபாத், ஹாப்பூர் இந்த மூன்று இடத்து நிறுவனங்களில் ஒன்றில் 15 நாள் பயிற்சி. கேட்டால் உரிம எண்ணைக் காட்ட வேண்டியதுதான். முகம் சுளித்தால் அனுப்பிவிடுங்கள்.

பாட்டில் விஷயம் அதைவிட முக்கியம். கம்பெனி பாட்டிலை உங்கள் எதிரில் திறந்து, உங்கள் வீட்டு வாளியில் கலக்கச் சொல்லுங்கள். லேபிளில் ஒரு சாய்சதுரம் இருக்கும், அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு கடுமையான விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் குடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை, இருப்பதில் குறைந்தது. பெயரையும் போன்கேமராவில் எடுத்து வையுங்கள். யாருக்காவது மூச்சுத் திணறினால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

இன்னொன்று, இதை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். மூட்டைப்பூச்சிக்கு என்று யாராவது மாத்திரை வைத்துவிட்டு அறையைப் பூட்டச் சொன்னால் வாசலிலேயே நிறுத்துங்கள். அலுமினியம் பாஸ்பைடு. தானியக் கிடங்குக்கானது, ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயு வரும், சுவர் வெடிப்பு வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போகும். மனிதர் உயிரை வாங்கிவிடும். குடியிருக்கும் கட்டடத்தில் அதற்கு இடமே இல்லை.

செம்பூர்_மருமகள் | மே 26, இரவு 11:30

எல்லாருக்கும் நன்றி. காகிதம் இன்னும் உப்பு ஜாடிக்கு அடியில்தான். ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. இன்று திங்கட்கிழமை காலை விற்பனைக்காரர் போன் செய்து, மேலதிகாரியிடம் எனக்காகப் பேசி வியாழன் வரை நீட்டித்திருக்கிறாராம்.

கரப்பைப் பிடிக்கக் காலி மிளகாய்ப்பொடி டப்பா உதவியது. இரண்டு கோடு, தெளிவாக இருக்கிறது. ஒன்றுக்கு வாலில் பையும் இருந்தது, அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. பார்த்துவிட்டுக் குளித்தேன்.

மண்கோட்டை சனிக்கிழமை இரவு உடைத்தேன். இன்று மாலை பார்த்தால் இடைவெளி முழுக்கப் புது மண், தொட்டால் ஈரம். நான் உடைத்த இடம் மட்டும் நிறம் கறுத்துத் தெரிகிறது, பழைய புடவையில் ஒட்டுப் போட்ட மாதிரி. பின்சுவர் பாத்ரூம்தான். ஷவர் குழாய் அந்தச் சுவருக்குள்தான் போகிறது.

பூச்சிக்காரன் | மே 27, காலை 6:40

அப்படியானால் உயிரோடு இருக்கிறது. மூன்றாவது மாடிக்குக் கறையான் சும்மா ஏறாது, ஈரம் கூப்பிட்டிருக்கிறது. முதலில் பிளம்பர், பிறகு நாங்கள். கசிவை அடைக்காமல் மருந்து விட்டால் பணம் தண்டம்.

மருந்து வேலை இப்படித்தான் நடக்க வேண்டும்: சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஒரு அடிக்கு ஒன்றாக 12 மில்லிமீட்டர் துளை, உள்ளே மருந்து, மேலே வெள்ளை சிமென்ட். கட்டிய கட்டடத்துக்கான இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 6313, பகுதி 3. அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், பேச்சின் தொனியே மாறும். மருந்தாக இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதம் கேளுங்கள். வாடை கிடையாது, மாமியாருக்கு நல்லது. குளோர்பைரிபாஸ் என்றால் மண்ணெண்ணெய் வாடை வீட்டை விட்டுப் போக நாளாகும். வாடை இருந்தால்தான் மருந்து என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கறையானுக்கு மட்டும் உத்தரவாதக் காகிதம் வாங்குங்கள். அது மறைந்திருந்து வேறு பக்கம் கிளம்பும், திரும்பக் கூப்பிட ஒரு பிடி வேண்டும். வார்ட்ரோபிலிருந்து மாவு மாதிரி பொடி கொட்டினால் அது கறையான் இல்லை, உளு (மரம் துளைக்கும் வண்டு). அதற்கு வேறு வைத்தியம்.

செக்ரட்டரி_பதவி_துறந்தவர் | மே 27, காலை 9:00

ஒன்பது வருடம் முலுண்டில் சொசைட்டி செக்ரட்டரியாக இருந்து தப்பித்தவன். இத்தனை பேர் எழுதிவிட்டீர்கள், டக்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

எண்பதுகளின் கட்டடம் என்றால் சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் பின்னால் குழாய்கள் இறங்கும் டக்ட் இருக்கும். நான்கு மாடியின் எச்சில் தண்ணீரும் அதன் வழியேதான். சிங்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் கையை விட்டுப் பாருங்கள், குழாயைச் சுற்றி ஒரு விரல் போகும் அளவுக்கு இடைவெளி இருக்கும். கரப்புக்கு அது ஹைவே.

எங்கள் கட்டடத்தில் 24 வீடு. பதினோரு வீட்டில் தனித்தனி கான்ட்ராக்ட், ஐந்து கம்பெனி. ஒரு வீட்டில் ஸ்பிரே அடித்தால் அந்த வாரம் மேல்வீட்டுக்காரர் என் கதவைத் தட்டுவார். அடுத்த மாதம் மேல்வீட்டில் அடிப்பார்கள், கீழ்வீட்டுக்காரர் தட்டுவார். கரப்புகள் மட்டும் வாடகை இல்லாமல் வீடு மாறிக்கொண்டே இருந்தன. கடைசியில் பொதுக்கூட்டத்தில் கத்திப் பேசி, ஒரே நாளில் டக்ட், கீழே சேம்பர்கள், ஒரே அடுக்கில் உள்ள எல்லாச் சமையலறையும் என்று செய்தோம். குழாய் ஓட்டைகளை வெள்ளை சிமென்டால் அடைத்தோம். வீட்டுக்கு 700 ரூபாய் விழுந்தது. இருபது நாள் கழித்து இரண்டாவது சுற்று. அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் என் கதவை யாரும் கரப்புக்காகத் தட்டவில்லை. கார் பார்க்கிங்குக்காகத் தட்டினார்கள்.

செம்பூர்_மருமகள் | ஜூன் 14, இரவு 9:50

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று வருடக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். விற்பனைக்காரர் விலையை 11,000 வரை இறக்கினார், அப்போதுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது, வேண்டாம் என்று.

வேறு இடத்தில் கரப்புக்கு ஜெல் மட்டும், இரண்டு சுற்று, 2,200. லேபிளைப் படம் எடுத்தேன், அவர் சிரித்துக்கொண்டே திருப்பிக் காட்டினார். நான் எண்ணினேன்: 43 பொட்டு. மாமியாரும் பையனும் அன்று மாத்துங்காவில் என் நாத்தனார் வீட்டில். மூன்றாம் நாள் காலை டிராலிக்கு அடியில் பெருக்கியதை எழுத வேண்டாம், சாப்பிடும் நேரத்தில் யாராவது படிக்கலாம். இப்போது ராத்திரி விளக்கைப் போட்டால் ஒன்றிரண்டு, அவையும் போதை ஏறியவை மாதிரி நடக்கின்றன. மிக்ஸியைக் கழற்றித் துடைத்தாயிற்று.

பாத்ரூம் சுவரை உடைத்ததில் ஷவர் எல்போவில் (குழாய் வளைவில்) கசிவு. பிளம்பருக்கும் டைல்ஸுக்குமே 6,000 போய்விட்டது. சுவர் காய்ந்தபின் கறையான் வேலை, ஒரு வருட உத்தரவாதம், 5,500, பாதி முன்பணம். புதுப்பித்தல் வரியை அடித்துவிட்டேன், அவர்களும் சுருக்கொப்பம் போட்டார்கள். முதல் மழை அன்று ட்யூப்லைட்டைச் சுற்றி ஈசல் (சிறகு முளைத்த கறையான்தானே) பறந்ததும் வயிற்றைக் கலக்கியது, ஆனால் எல்லாம் ஜன்னல் வழியாக வெளியிலிருந்து வந்தவை. விளக்கை அணைத்ததும் போய்விட்டன.

கூட்டிப் பார்த்தால் 13,700. கணவர் "அவன் கேட்டதற்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டதே" என்கிறார். குழாயை அவன் மாற்றியிருப்பானா என்று கேட்டேன்.

டக்ட் விஷயத்தை எங்கள் செக்ரட்டரியிடம் சொன்னேன். எங்கள் டக்டை ஒட்டி எட்டு வீடு, ஏழு வீடு சம்மதம். 22ஆம் தேதி வேலை. முதல் மாடி வீடு மட்டும் பூட்டியே கிடக்கிறது, உரிமையாளர் புனேயில். சாவி தரமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

செக்ரட்டரி_பதவி_துறந்தவர் | ஜூன் 15, காலை 8:20

அவர் சமையலறைக் குழாய் நுழையும் ஓட்டையை டக்ட் பக்கத்திலிருந்தே அடைத்துவிடலாம், சாவி வேண்டாம். டக்டுக்குள் இறங்கும் ஆளிடம் அன்றைக்கே ஒரு கிலோ வெள்ளை சிமென்ட் கொடுத்து அனுப்புங்கள். கயிறு சரியாக இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். புனேக்காரருக்குச் சொசைட்டி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமும் போடச் சொல்லுங்கள், பதில் வராது, ஆனால் ஃபைலில் இருக்கட்டும்.

மாத்துங்கா_மாமி | ஜூன் 15, காலை 8:45

நாத்தனார் மாத்துங்காவில் எங்கே? குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாள் வா. உருண்டையெல்லாம் எடுத்து வைத்துவிடுகிறேன்.